நாக்குக்கு ஜாதி உண்டா?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையிலும், சென்னையிலிருந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சாப்பாட்டுக்கென்றே பிரயாணம் செய்கிறவர்களைக் கூட்டங்கூட்டமாய்ப் பார்க்கிறோம். எந்தக் கடையில் வஞ்சிரம் வறுவல் பதமாயிருக்கும், எங்கே இறால் தொக்கில் காரம் சரியாயிருக்கும், எந்த ஓட்டலில் தோசை முறுகலாய் வரும் என்பதே அவர்கள் பேச்சு. இதை நாம் குற்றமாகச் சொல்ல வரவில்லை. நாக்கை அடக்கினால்தான் மோட்சம் என்று உபதேசம் செய்துவிட்டு, நெய்யும் பருப்புமாய் விருந்துண்ணுகிற கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்களல்ல. பாடுபடுகிற மனிதன் ருசியாகவும் வயிறாரவும் சாப்பிட வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால், சாப்பாட்டு ரசிகர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளுகிற தோழர்களை ஒன்று கேட்கிறோம். பண்டத்தின் ருசியைப் பற்றி இவ்வளவு நுட்பமாய் ஆராய்கிற நீங்கள், அதைச் சமைத்தவர் யார், பக்கத்தில் உட்கார விடப்படாதவர் யார், கடைசியில் சாப்பிடுகிறவர் யார் என்று எப்போதாவது ஆராய்ந்ததுண்டா?

முதலில் "சுத்தம்" என்கிற சங்கதியை எடுத்துக்கொள்ளுவோம். "சுத்த சைவம்" என்று கடைக்குக் கடை போர்டு தொங்குகிறது. காய்கறி சாப்பிடுவது அவரவர் இஷ்டம். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அது சுத்தமென்றால், விடியற்காலையில் கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கரை சேருகிற மீன் அசுத்தமா? கடலில் உயிரைப் பணயம் வைத்து அதைப் பிடித்து வருகிறவனும், கூடையில் சுமந்து விற்கிற பெண்ணும் அசுத்தமானவர்களா? மீன் சமைக்கிறவர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று நகரங்களில் இன்றும் கூசாமல் சொல்லுகிறார்களே, அது மூக்கின் கஷ்டமா, ஜாதியின் கொழுப்பா? சுத்தம் என்பது கழுவின பாத்திரத்திலும், நல்ல தண்ணீரிலும், கெட்டுப்போகாத பண்டத்திலும் இருக்கிறதேயொழிய, சமைத்தவருடைய தகப்பன் பாட்டன் பெயரில் இல்லை.

ஆசாரம் பேசுகிறவர்களுக்கு இன்னொரு கேள்வி. உங்கள் சாம்பாரில் போடுகிற மிளகாயும், தக்காளியும், கறிக்கு வாங்குகிற உருளைக்கிழங்கும் எந்த ரிஷி பயிரிட்டவை? 1492க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்காரர்கள் அமெரிக்காவிலிருந்து உலகத்துக்குக் கொண்டுவந்த பண்டங்கள் அவை. கடல் தாண்டினால் மனிதனுக்குத் தீட்டு என்றார்கள். கடல் தாண்டிவந்த மிளகாய்க்குத் தீட்டு எங்கே போயிற்று? திவசத்தன்று மாத்திரம் அதை ஒதுக்கிவிட்டு மிளகைப் போட்டுக்கொண்டு, மறுநாளே வத்தற்குழம்புக்குத் தாளிக்கிறார்களே! நாக்கு ருசி கண்டுவிட்டால் சாஸ்திரம் தானே வழிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நிற்க. இது வெறும் வாதமல்ல என்பதற்கு நம்முடைய செங்கல்பட்டே சாட்சி. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இவ்வூரில்தான் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் தலைமையில் கூடிற்று. அக்காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச்சாலைகளில்கூட "பிராமணாள்" என்றும் "இதராள்" என்றும் பிரித்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரே ரயிலில் ஒரே டிக்கட் வாங்கி வந்தவர்கள் இட்லி தின்பதற்கு மாத்திரம் இரண்டு ஜாதியானார்கள்! அந்தப் பிரிவினை கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ல்தான் ஒழிந்தது. ஓட்டல் பெயர்ப்பலகையிலுள்ள "பிராமணாள்" என்ற எழுத்தை எடுக்கச் சொல்லி 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் மறியல் செய்து, ஆயிரம் பேருக்குமேல் கைதாக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் கடையிலும், ஓட்டலிலும் ஜாதியின் பேரால் எவரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு 1950 முதலே சொல்லிக்கொண்டிருக்கிறது.

"அதெல்லாம் பழங்கதை" என்று சொல்லுகிறவர்கள், 2021 அக்டோபரில் மாமல்லபுரத்தில் நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்துக்கு வந்த, பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண்ணொருவர், தம்மைச் சாப்பிட விடாமல் விரட்டினார்கள் என்று சொன்னார். அது ஊரெங்கும் பரவிய பிறகு, அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4-ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய், நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் ஜாதிச் சான்றிதழும் கொடுத்தார். செய்தது நல்ல காரியம். நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு தாய் பிள்ளையோடு பந்தியில் உட்கார ஒரு மந்திரி துணைக்கு வரவேண்டுமென்றால், அந்தப் பந்தியின் யோக்கியதை என்ன? அவரை எழுப்பினபோது, பக்கத்து இலைக்காரர்களில் எத்தனை பேர் "அப்படியானால் எங்களுக்கும் வேண்டாம்" என்று எழுந்திருக்க வேண்டும்? தானம் என்று பெயர் வைத்தால் கொடுக்கிறவன் கை மேலேதான் இருக்கும். உரிமை என்று வைத்தால்தான் இரண்டு கையும் சமமாகும்.

பள்ளிக்கூடத்தையும் இது விடவில்லை. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில், ஆதிதிராவிடப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. அந்தக் குழந்தைகளின் நாக்கு உப்புமாவை வேண்டாமென்று சொல்லவில்லை. பெற்றோரின் ஜாதிதான் சொல்லிற்று. பிறந்த குழந்தைக்குப் பசி தெரியும், தித்திப்பு தெரியும், ஜாதி தெரியாது. அதை நாம்தான் சோற்றோடு பிசைந்து ஊட்டுகிறோம்.

கடைசியாக, நம்மவர்கள் வீட்டைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஊராரோடு சமபந்தி பேசுகிற தோழர்களின் அடுப்பங்கரையில் என்ன நடக்கிறது? புளி கரைத்து, மிளகாய்த்தூள் சேர்த்து, சின்ன வெங்காயமும் மாங்காயும் போட்டு மீன்குழம்பு கூட்டுகிறவள் மனைவி. அவள் நின்று பரிமாற, நடுத்துண்டம் ஆண்பிள்ளைகளுக்குப் போகிறது. அவள் உட்காரும்போது சட்டியில் வாலும் தலையும் ஆறிப்போன சோறுமே மிச்சம். மறுநாள் குழம்புக்குத்தான் ருசி அதிகம் என்று ரசிக்கிறோமே, புளியும் உப்பும் மீனில் ஊறுவதற்கு ஓரிரவு போதும். அவள் பொறுமை எத்தனை வருஷம் ஊறவேண்டும்? பெண்ணுக்குச் சொத்தில் சமபாகம் வேண்டுமென்று 1929-ல் செங்கல்பட்டில் தீர்மானம் செய்தோம். அது சட்டமாக 1989 வரை அறுபது வருஷம் ஆயிற்று. சட்டியில் சமபாகம் கொடுக்க எந்தச் சட்டசபையும் கூடவேண்டியதில்லை, எந்த மந்திரியும் வரவேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, நன்றாய்ச் சாப்பிடுங்கள். கடற்கரைக்குப் போய் மீனும் சாப்பிடுங்கள். ஆனால் எவரையாவது தள்ளி உட்காரச் சொல்லுகிற பந்தியிலிருந்து எழுந்து வாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டலைத் தேடிப் போவதற்கு முன், உங்கள் வீட்டில் நீங்கள் அடுப்பைப் பற்றவைத்து, அந்த அம்மாளை முதலில் உட்கார வைத்துப் பரிமாறிப் பாருங்கள். உங்கள் சமையலில் உப்புக் குறைந்தாலும் குறையும். சுயமரியாதை குறையாது.