தலையில் விழுந்த பைக்கு யார் பொறுப்பு?



நீண்ட பள்ளி விடுமுறை வந்துவிட்டால் காம்பார் வட்டாரத்திலிருந்து தமிழகம் செல்லும் நம்மவர்கள் பலர். திரும்பி வரும் வானூர்தியில், இருக்கைக்கு மேலுள்ள பெட்டகங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம், ஊறுகாய்ப் புட்டி! கையோடு கொண்டுவரும் பை 7 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. யார் கேட்கிறார்கள்? (முறுக்கு ஈப்போவிலேயே கிடைக்கிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) அந்தப் பை சரிந்து ஒருவர் தலையில் விழுந்தால், அடிபட்டவர் அதைத் தம் தலைவிதி என்று எண்ணி வாய்மூடி இருக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து.

என் பெரியம்மாவுக்கு இது கடந்த ஆண்டு நேர்ந்தது. பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். திருச்சியிலிருந்து திரும்பிய வானூர்தி தரையிறங்கியதும் எவரோ அவசரமாகப் பெட்டகத்தைத் திறக்க, பை ஒன்று அவர் பிடரியில் விழுந்தது. பணிப்பெண் பனிக்கட்டி கொடுத்தார். பைக்கு உரியவர் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லை ஐயா" என்று பெரியம்மாவும் இறங்கி வந்துவிட்டார். மூன்றாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மருத்துவச் செலவைக் கேட்டுக் குடும்பத்தார் எழுதிய கடிதத்திற்கு நிறுவனத்திடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: பை வேறொரு பயணியுடையது; நாங்கள் பொறுப்பேற்க இயலாது.

இந்தப் பதில் சட்டத்தோடு பொருந்தவில்லை. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை மலேசியாவை 2008 முதலும் இந்தியாவை 2009 முதலும் கட்டுப்படுத்துகிறது. வானூர்திக்குள்ளோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நேரும் விபத்தில் பயணிக்கு உடற்காயம் ஏற்பட்டால் நிறுவனமே பொறுப்பு என்கிறது அதன் 17ஆம் விதி. விபத்து என்றால் வானூர்தி நொறுங்கி விழுவது மட்டுமன்று. பயணிக்குப் புறம்பான, எதிர்பாராத அல்லது வழக்கத்திற்கு மாறான நிகழ்வே விபத்து என்று, முந்திய வார்சா உடன்படிக்கையின்கீழ் வந்த ஏர் பிரான்சு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் விளக்கியது. சிறுமி ஒருத்தியின்மீது சூடான காப்பி கொட்டியதையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் விபத்தாகவே கொண்டது. காப்பிக்கே அப்படியென்றால் குத்துவிளக்குக்கு?

'பிழை மற்றொரு பயணியுடையது' என்னும் சாக்கும் எளிதில் செல்லாது. 2024 திசம்பர் 28 முதல், பயணி ஒருவருக்கு 151,880 அலகுவரை அவ்வாறு சொல்லித் தப்ப நிறுவனத்திற்கு வழியில்லை. இது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. ஏறத்தாழ இரண்டு இலட்சம் அமெரிக்க டாலர். அவ்வளவும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்! மெய்ப்பித்த இழப்புக்கே ஈடு. அடிபட்டவரின் கவனக்குறைவும் காரணமென்றால் அதுவும் குறையும்.

இது நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியா என்ன? வேலையில் அடிபட்டால் யார் பிழை என்று சொக்சோ கேட்பதில்லை. ஆனால் விபத்தைப் பதிந்திருக்க வேண்டும். அதனால்தான் கையில் கத்தி பட்டாலும் உடனே கிராணியிடம் போய்ச் சொன்னார்கள். தோட்டத்தில் அத்தனை விழிப்பாக இருந்தவர்கள் வானூர்தியில் மட்டும் ஏன் கூச்சப்படுகிறார்கள்? பணியாளரிடம் அங்கேயே சொல்லி எழுத்தில் பதியச் செய்யுங்கள். ஏறும் அட்டையைக் கிழித்தெறியாதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் இந்த மருத்துவர் சான்று அதற்கும் உதவும். பெரியம்மாவிடமும் காப்புறுதி இருந்தது. காயம்பட்ட நாளிலேயே பெற்ற சான்று இல்லாததாலும், கழுத்தெலும்புத் தேய்மானம் முன்பே இருந்ததென்பதாலும் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பயணச்சீட்டு வாங்கும்போது ஒரு கட்டத்தில் குறியிட்டு எடுக்கும் காப்புறுதியில் வயது வரம்பையும் பழைய நோய் பற்றிய விலக்கையும் யார் படிக்கிறார்கள்? முதியவர்களை அனுப்பும் பிள்ளைகளாவது படிக்க வேண்டும். காப்புறுதி கைவிட்டாலும் வானூர்தி நிறுவனத்தின் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஒரு கெடு மட்டும் கடுமையானது. வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் உரிமையே அற்றுப்போகும். கடிதப் போக்குவரத்து கணக்கில் வராது. பயணம் முடிந்த இடம் மலேசியா என்பதால் இங்குள்ள நீதிமன்றத்தையே நாடலாம். 17ஆம் விதியைக் காட்டி நிறுவனத்திற்கு மறுகடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதன் படி என்னிடம் உண்டு. தேவைப்படுவோர் பள்ளி முடிந்தபின் வந்து பெற்றுக்கொள்ளலாம்.