மணமகளின் கையொப்பம் எங்கே?

திரையிலே ஒரு பெண் அழுதால் நாமும் கண் கலங்குகிறோம். வீட்டிலே ஒரு பெண் அழுதால், "மணப்பெண் அழுவது வழக்கந்தானே!" என்று கூறிவிட்டுப் பந்தலுக்குத் திரும்புகிறோம். இதுவே இன்று நாம் பெருமையோடு காட்டும் பண்பாட்டின் இலட்சணம்!

சென்ற மாதம் தில்லையடியில் நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் முப்பது பேர் வரையில் கூடியிருந்து "கம்பெரலிய" திரைப்படத்தைக் கண்டோம். ஆசிரியர்கள் இருந்தனர், எழுதுவினைஞர்கள் இருந்தனர், கற்பிட்டிப் பக்கத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் விவசாயிகளும் இருந்தனர். படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பெருமூச்செறிந்து, "பாவம் அந்தப் பிள்ளை! அவளிடம் ஒரு வார்த்தை மனம் திறந்து கேட்டிருக்கலாமே" என்றார். அனைவரும் தலையசைத்தனர்.

அடுத்த வாரம் அதே பெரியவரின் பேத்திக்கு நிக்காஹ். "திருமணப் பதிவில் பிள்ளையின் கையொப்பத்தையும் வாங்கி வையுங்களேன், மாமா" என்று கூறினேன். அவர் முகம் மாறிற்று. "வழக்கத்தில் இல்லாததை ஏன் தம்பி புகுத்தப் பார்க்கிறாய்? எங்கள் பிள்ளை வாய் திறவாது, அதுவே சம்மதம்" என்றார்.

படம் பார்த்த முற்றத்துக்கும் மணப்பந்தலுக்கும் இடையே இருநூறு யார் தூரமும் இல்லை. ஆயினும் நந்தாவுக்காக இரங்கிய நெஞ்சம் அந்தத் தூரத்தைக் கடந்து சொந்தப் பேத்தியிடம் போய்ச் சேரவில்லை. அஃது ஏன் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நந்தாவின் கதை

மார்ட்டின் விக்கிரமசிங்க 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் "கம்பெரலிய". அதனைக் "கிராமப் பிறழ்வு" என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தவர் எம். எம். உவைஸ் என்னும் முஸ்லிம் தமிழறிஞர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் அதைப் படமாக்கினார். ஆடலும் பாடலும் இன்றி, செயற்கைக் காட்சிக் கூடங்களை விட்டு வெளியேறி எடுக்கப்பட்ட அப்படம் 1965இல் டில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதைப் பெற்றது.

கதை சிக்கலானதன்று. தென்னிலங்கைக் கிராமம் ஒன்றில், வாழ்ந்து கெட்டுக்கொண்டிருக்கும் பெரிய வீடு. அவ்வீட்டின் மகள் நந்தா. அவளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வருபவன் பியல். இருவர் மனமும் நெருங்குகின்றன. ஆனால் பியலின் குடி குறைந்த குடியாம்! பெரிய வீட்டார் மறுத்துவிடுகின்றனர். குலத்தில் ஒத்த ஜினதாச மாப்பிள்ளையாக வருகிறான், நந்தா எதிர்த்துப் பேசவில்லை, திருமணம் நடந்தேறுகிறது. குலம் சோறு போடவில்லை. வாணிகத்தில் தோற்ற கணவன் பிழைப்புத் தேடித் தூரதேசம் போகிறான். அவன் இறந்துவிட்டான் என்று நம்பி, இப்போது பணக்காரனாகிவிட்ட பியலை அவள் மணக்கிறாள். முதற்கணவன் அதன் பின்னரே உயிர்விட்டான் என்ற செய்தி பிறகு வந்து சேர்கிறது. அன்று குடி போதாதென்று தள்ளப்பட்டவன், பணம் வந்ததும் ஏற்கப்படுகிறான். இரண்டு முறையும் கணக்குப் போட்டது குலமும் பணமுமே.

புண்யா ஹீந்தெனியவின் முகத்தில் நாம் கண்டது என்ன? மௌனம். அந்த மௌனத்தைப் பெற்றோர் "சம்மதம்" என்று படித்தனர். படம் பார்த்த நாமோ அதனைத் "துயரம்" என்று படித்தோம். நாம் படித்ததே சரியென்றால், நம் வீட்டு மௌனத்தை மட்டும் அந்தப் பெரிய வீட்டாரைப் போலவே படிப்பது எந்த நியாயம்?

காணிக்கு ஒரு சட்டம், கன்னிக்கு ஒரு சட்டம்!

விவசாயப் பெருமக்களே, உங்களுக்கு விளங்கும் ஓர் உவமையைக் கூறுகிறேன். கால் ஏக்கர் தென்னங்காணியை விற்கப் போகிறீர்கள். வாய்ச்சொல் செல்லுமா? செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளர் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகள் பார்த்திருக்கக் கையொப்பமிட வேண்டும். "உரிமையாளர் பேசாமல் இருந்தார், ஆகவே சம்மதித்தார்" என்று எந்த நொத்தாரிசாவது உறுதி முடிப்பாரா? முடித்தால் அந்த உறுதி நீதிமன்றத்தில் ஒரு நாழிகை நிற்குமா?

இனி 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பாருங்கள். பதிவேட்டில் மணமகன் கையொப்பமிடுகிறான். பெண்ணின் பொறுப்பாளரான வலீ கையொப்பமிடுகிறார். நிக்காஹை நடத்தி வைத்தவர் இடுகிறார், சாட்சிகள் இடுகின்றனர். மகர் எவ்வளவு என்று எழுத இடமுண்டு. கைக்கூலிக்கு வரைவிலக்கணமே உண்டு; நம் தமிழ்ச்சொல் அப்படியே ஆங்கிலச் சட்டத்தில் அமர்ந்திருக்கிறது! எவள் வாழ்வு அன்று எழுதப்படுகிறதோ, அந்த மணமகளின் கையொப்பத்துக்கு மட்டும் அச்சட்டம் இடம் வகுக்கவில்லை. நல்ல மனம் படைத்த பதிவாளர் ஒருவர் அவள் கையொப்பத்தையும் வாங்கி வைத்தால், அது அவருடைய பண்பு. பண்பு ஆளுக்கு ஆள் மாறும், சட்டம் மாறாது. ஆகவே சட்டத்தையே கேட்கிறோம்.

வயதையும் கேளுங்கள். 1995ஆம் ஆண்டின் திருத்தம் இந்நாட்டின் பொதுத் திருமணச் சட்டத்தில் வயதெல்லையைப் 18 ஆக்கிற்று. முஸ்லிம் பெண் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு நீட்டப்படவில்லை. 12 வயது நிரம்பாத சிறுமியின் திருமணத்தையும் காதியார் விசாரித்து அனுமதித்தால் பதியலாம் என்றே 1951ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. கையொப்பமும் வயதும் வெவ்வேறு கேள்விகள் அல்ல. தான் எதில் கையொப்பமிடுகிறோம் என்று விளங்காத வயதில் மணம் முடிப்பவருக்குத்தான் கையொப்பம் வேண்டாததாகத் தோன்றும்.

அடிப்படை உரிமை அத்தியாயத்தைக் காட்டி நீதிமன்றம் போகலாமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை அந்த வாயிலை அடைத்திருக்கிறது. ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்பது அதன் கூற்று. எனவே கதவைத் திறக்கும் சாவி நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லும் குரல் நம்மிடம் இருக்கிறது.

மார்க்கத்தின் பெயரால்

"இது மார்க்க விடயம், சட்டத்தரணிக்கு இதில் என்ன வேலை?" என்பார் சிலர். என் தொழிலுக்கு வருமானம் தேடுகிறேன் என்று எண்ணற்க. காதி நீதிமன்றத்தில் வழக்காளிக்காகச் சட்டத்தரணி தோன்றுவதையே 1951ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருக்கிறது! மார்க்கத்தைக் கொண்டே பேசுவோம்.

கன்னிப் பெண்ணின் மௌனம் அவளது சம்மதம் என்று நபிமொழி உண்டு என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவளிடம் கேட்கப்பட வேண்டும் என்பதே அந்த நபிமொழியின் முற்பாதி. கேள்வி முதலில், மௌனம் பிறகு. நாணத்தால் வாய் திறவாத பெண்ணுக்குக் காட்டப்பட்ட சலுகை அது. கேட்காமலே முடிவு செய்யும் தந்தைக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரப் பத்திரம் அன்று. முற்பாதியை மறைத்துப் பிற்பாதியை மட்டும் ஓதுவது நேர்மையாகுமா?

கன்ஸா பின்த் கிதாம் என்னும் பெண்மணியின் வரலாற்றை உலமாக்கள் நன்கறிவர். முன்னர் மணமாகியிருந்த அவரை, அவர் விரும்பாத ஒருவருக்குத் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் நபிகளாரிடம் முறையிட்டார். அத்திருமணம் செல்லாது என்று நபிகளார் தீர்த்தார்கள். புகாரியின் தொகுப்பிலே பதிவான செய்தி இது. ஒரு பெண்ணின் "மாட்டேன்" என்ற சொல்லுக்கு அந்தச் சபையிலே இருந்த எடை, இன்று நம் பந்தலில் இருக்கிறதா?

ஷாபிஈ நூல்களில் கன்னி மகளை மணமுடித்து வைக்கும் அதிகாரம் தந்தைக்கு உண்டென்று சிலர் வாதிப்பர். ஷாபிஈப் பெண்ணின் சம்மதத்தையும் தமது சம்மதத்தையும் வலீ தெரிவிக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் சட்டமே கூறுகிறதே! அவள் சம்மதம் வேண்டும் என்பதைச் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டது. அந்தச் சம்மதத்தை அவள் வாயாலோ கையாலோ தெரிவிக்கத்தான் வழி வைக்கவில்லை. சம்மதம் அவளுடையது, சாட்சி மட்டும் இன்னொருவருடையதா?

உலகையும் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தின்கீழ் வந்த பாகிஸ்தான் நிக்காஹ் படிவத்தில் மணமகள் கையொப்பமிடுகிறாள். மொரோக்கோ 2004இல் திருமண வயதைப் 18 ஆக்கி, வயது வந்த பெண் தானே தன் திருமணத்தை ஒப்பந்தம் செய்யவும் வழி வைத்தது. அந்நாட்டு முஸ்லிம்கள் ஈமானை இழந்துவிட்டனரா? நமது சட்டமோ வேதம் அன்று. 1806இல் ஆங்கிலேயர் காலத்துச் சட்டக்கோவை, 1929இல் ஒரு கட்டளைச் சட்டம், 1951இல் இன்னொன்று. மனிதர் எழுதினர், மனிதர் மாற்றினர், மீண்டும் மாற்றலாம்.

"வீட்டைத் திறந்தால் வெளியார் புகுவார்"

எதிர்ப்போர் கூறும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். "இனவாதிகள் நமது தனித்துவத்தை அழிக்கக் காத்திருக்கின்றனர். 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்ற செயலணி யார் தலைமையில் அமைந்தது என்பதை மறந்தீரா? இந்த நேரத்தில் திருத்தம் கேட்பது எதிரிக்குக் கத்தி கொடுப்பதாகாதா?" என்கின்றனர்.

மறக்கவில்லை. கலகொட அத்தே ஞானசார தேரர் தலைமையில் அமைந்த அச்செயலணியை அன்றும் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். சிறுபான்மையினரின் சட்டத்தைப் பெரும்பான்மையினர் பறிப்பது ஒன்று. தம் சட்டத்தைச் சிறுபான்மையினரே சீர் செய்வது முற்றிலும் வேறொன்று. முன்னையதைத் தடுக்கும் அரண் பின்னையதே. ஓட்டை வீட்டைக் காட்டித்தான் பகைவன் "இடித்துவிடு" என்கிறான். ஓட்டையை நாமே அடைத்தால் அவன் எதைக் காட்டுவான்? நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் ஒரு குழு அமைந்தது. அறிக்கை கையளிக்கப்பட்டபோது ஆண்டு 2018. உறுப்பினர் இரண்டாகப் பிரிந்து நின்றனர். 2021இல் அமைச்சரவை திருத்தத்துக்கு இணங்கிற்று. 2024 முடிந்தபோதும் சட்டம் வரவில்லை. 2009இல் பிறந்த பெண் பிள்ளைக்கு அப்போது 15 வயது! "இது நேரமன்று" என்பவர்கள், எது நேரம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லட்டும்.

ஏனைய தமிழ் வாசகர்கள் "இது முஸ்லிம்களின் வீட்டு விவகாரம்" என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஓரிடத்தில் அவள் கையொப்பமே வேண்டாம். மற்றோரிடத்தில் அவள் கையொப்பம் மட்டும் போதாது. தமிழ் பேசும் மக்கள் என்று ஒன்றாக உரிமை கேட்கும் நாம், இதிலும் ஒன்றாகத் தலைகுனிந்து, ஒன்றாகத் திருந்துவோம்.

என் தாயாரின் மடியில் இருந்த தாள்

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பத்து. மன்னாரிலிருந்து கடல்வழியே வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். வீடு போயிற்று, ஆடு மாடு போயிற்று, வலையும் வள்ளமும் போயின. என் தாயார் சேலை மடிப்புக்குள் ஒரேயொரு பொருளை வைத்திருந்தார்: காணி உறுதி. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அந்தத் தாளில் தம் தந்தையின் கையொப்பம் இருப்பதை அறிவார். தில்லையடியின் ஓலைக் குடிசையில் பல ஆண்டுகள் மழை ஒழுகியபோதும் அந்தத் தாள் நனையவில்லை.

ஒரு கையொப்பத்தின் பெறுமதி என்னவென்று அகதியாய் வந்தவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆளும் ஊரும் போன பின்னரும் "இது என் சொல்" என்று நின்று பேசுவது அஃதொன்றே. மண்ணுக்கு அந்தப் பத்திரத்தைப் பேணிய நாம், மகளுக்கு அதை மறுக்கலாமா?

செய்ய வேண்டியது

நாடாளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் முஸ்லிம், தமிழ் உறுப்பினர்களே! மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்குங்கள். வயதைப் 18 ஆக்குங்கள். காதியார் ஆணாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதியை நீக்குங்கள்.

பள்ளிவாசல் நிருவாகிகளே! சட்டம் வரும்வரை காத்திராதீர். அடுத்த நிக்காஹிலேயே பேனாவை மணப்பெண்ணின் அறைக்குள் அனுப்புங்கள். அவள் தயங்கினால் திருமணத்தையும் தயங்க விடுங்கள்.

பெற்றோரே! பந்தல் போட்டு, விருந்துக்குச் சொல்லிய பின் கேட்பது கேள்வியன்று, அறிவிப்பு. "மாட்டேன்" என்று அவள் சொல்லக்கூடிய காலத்திலே கேளுங்கள்.

தங்கையே! நந்தாவிடம் எவரும் பேனாவை நீட்டவில்லை. உன்னிடம் நீட்டாவிட்டால் நீயே கேட்டு வாங்கு. அந்தப் பதிவேட்டில் எல்லாருடைய பெயருக்கும் இடமிருக்கிறது. உன் பெயருக்கான இடத்தை நீயும் நாங்களும் சேர்ந்தே எழுதுவோம்.