தமிழ் நாவுக்கு ஆங்கில அளவுகோலா?

பேச்சுப் பிந்திய குழந்தையோடு மருத்துவமனைக்குச் செல்லும் தமிழ்ப் பெற்றோர் பலர்க்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, வீட்டில் ஒரே மொழியைப் பேசுங்கள் என்பது. அந்த ஒரு மொழி எது என்னும் வினாவிற்கு, பிள்ளை படிக்கப்போவது ஆங்கிலப் பள்ளியாகலின் ஆங்கிலமே என்னும் விடையும் உடன் வந்துவிடுகின்றது. அன்று தொடங்கி, ஆங்கிலம் அரைகுறையாய் அறிந்த தாய் அவ்வரைகுறை மொழியிலேயே மகவோடு பேசுகின்றாள். தாலாட்டு நிற்கின்றது. பாட்டன் பாட்டியர் வாயடைத்துப் போகின்றனர். பேச்சு பெருகவேண்டிய வீட்டில் பேச்சே சுருங்கிவிடுகின்றது.

இவ்வறிவுரைக்கு அறிவியற் சான்று இல்லை. இரு மொழி கேட்டு வளர்தல் பேச்சைப் பிந்தச் செய்வதில்லை என்பதும், மதியிறுக்கம் உடைய குழந்தைகட்கும் அதனால் தீங்கில்லை என்பதும் பல நாட்டு ஆய்வாளரும் கண்டுரைத்த முடிபுகள். அங்ஙனமாயின் இவ்வறிவுரை ஏன் இன்னும் வழங்குகின்றது? பேச்சு மருத்துவர்தம் மனக்கேடு அதற்குக் கரணியம் அன்று. அவர் கற்ற நூல் ஆங்கிலம். கையிலுள்ள படவட்டை ஆங்கிலம். கணினியிலுள்ள செயலி ஆங்கிலம். குழந்தைக்கேற்ற கருவி இல்லாமையால், கருவிக்கேற்பக் குழந்தையை மாற்றச் சொல்கின்றனர்.

இந்தியாவில் இத்துறைக்கென மைசூருவில் அனைத்திந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் 1965இல் தோன்றியது. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இத்தொழிலைப் பதிவுக்குட்படுத்தியது. 2011 மக்கள்தொகைக் கணக்கு, பேச்சுக் குறையுடையோர் நாட்டில் ஏறத்தாழ 20 இலக்கம் பேர் என்றது. பயிற்சி பெற்றோரோ பெருநகரங்களிலேயே குவிந்துள்ளனர். சிற்றூர்த் தாய் கிழமைதோறும் கூலியை இழந்து, பேருந்தேறி நகருக்கு வருதல் எத்தனை நாள் இயலும்? இவ்விடர்ப்பாட்டிற்கிடையேதான் புதிய பொறிகள் வருகின்றன. அவை வேண்டா என்பார் அறிவிலார். அவை தமிழுக்கு ஏற்றனவாய் வருகின்றனவா என்பதே கேட்கத்தக்க வினா.

முதலில் அளவுகோலைப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். ஆங்கிலத் தேர்வுகள் தமிழில் இல்லாத உரசொலிகளையும், சொன்முதலில் கூடிவரும் மெய்களையும் சொல்லச் சொல்கின்றன. தமிழ்க் குழந்தை அறிய வேண்டிய ழகர ளகர வேறுபாட்டையோ, கல், கால் என்னும் குறில் நெடில் வேறுபாட்டையோ, பத்து, பட்டு, பற்று என நாவின் இடம் மாறப் பொருள் மாறுவதையோ அவை தொடுவதேயில்லை. மேலும், தென்மாவட்டக் குழந்தை பழத்தைப் 'பளம்' என்னும். வடபுலத்தில் 'பயம்' என்பாரும் உளர். அது வட்டார வழக்கா, நாவின் குறையா என்று பகுத்தறியத் தமிழறிவு வேண்டும். அறியாதார் வழக்கை நோயென்பர். நோயை வழக்கென்று விட்டுவிடுவர். தமிழ் ஒலிப்பைத் தேர்ந்தறியும் கருவிகள் சில உருவாக்கப்பட்டுள்ளன எனினும், எல்லா வட்டாரத்திற்கும் எல்லா அகவைக்கும் அவை போதா.

அடுத்தது, பேச்சைக் கேட்டு எழுதும் பொறி. அப்பொறிகள் பெரும்பாலும் வளர்ந்தோர் குரலைக் கேட்டுப் பழகியவை. குழந்தையின் குரல்வழி குறுகியது, ஒலியும் உயர்ந்தது, ஆகலின் பொறி தடுமாறுகின்றது. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. சொல்ல நினைத்த சொல் எதுவென ஊகித்து எழுதுவதே அப்பொறியின் வேலை. குழந்தை 'பளம்' என்றாலும் அது 'பழம்' என்றே திருத்தி எழுதிவிடக் கூடும். பேச்சு மருத்துவத்திற்கு வேண்டுவதோ, குழந்தை உள்ளபடி ஒலித்த ஒலியின் பதிவு. பிழையை மறைக்கும் பொறியைக் கொண்டு பிழையைத் திருத்துவது எங்ஙனம்?

2020இன் ஊரடங்குக்குப் பின் திரைவழிப் பயிற்சி பரவியது. சிற்றூர்க்கு அது பெருநன்மையே. ஆயினும் பகரமும் மகரமும் இதழிற் பிறப்பன. திரையில் அவற்றைக் காட்டலாம். ழகரத்திற்கு வளையும் நா வாய்க்குள் மறைந்துள்ளது. திரையில் அது தெரியாது. இரைச்சலை வடிக்கும் மென்பொருள் மெல்லிய உரசொலியையும் சேர்த்தே வடித்துவிடுகின்றது. எனவே தாய்க்கும் ஊர்ப் பணியாளர்க்கும் தமிழிலேயே பயிற்சியளித்து அருகிருத்தினாலன்றித் திரை மட்டும் பயன்தராது.

பேச இயலாதார்க்குப் படந்தொட்டுப் பேசும் செயலிகள் உள்ளன. சென்னையில் உருவான ஆவாசு என்னும் செயலி அவற்றுள் ஒன்று. அது தமிழிலும் கிடைப்பது மகிழத்தக்கது. ஆனால் ஆங்கிலத்தில் நான், வேண்டும், நீர் என்னும் மூன்று படங்களை அடுக்கினால் தொடர் முடிந்துவிடும். தமிழிலோ 'நான்' என்பது 'எனக்கு' எனத் திரிந்தாலன்றித் தொடர் நிரம்பாது. வேற்றுமையுருபும் வினைவிகுதியும் உயிராய் நிற்கும் மொழிக்குச் சொற்களை மட்டும் பெயர்த்து வைத்தல் போதாது. அமைப்பையே தமிழ் இலக்கணத்தின்மேல் எழுப்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் செவித்திறனற்ற சிறு குழந்தைகட்குக் காக்ளியர் கருவி அரசுக் காப்பீட்டின்வழிப் பொருத்தப்படுகின்றது. போற்றத்தக்க பணி அது. ஆயினும் கருவி ஒலியை மட்டுமே செவிக்குள் சேர்க்கும். அவ்வொலியைச் சொல்லாய் உணர நெடும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி தாயின் மொழியில் அமையாவிடில், அறுவைக்குச் செலவிட்ட பொருளும் உழைப்பும் பாதியளவே பயன்தரும்.

எழுத்து பிறக்கும் இடத்தையும், நா ஒற்றுவது எங்கே, வருடுவது எங்கே என்பதையும் பிறப்பியலில் பகுத்துரைத்தவர் தொல்காப்பியர். அப்பெருமையை மேடையில் முழங்குவோர், அதே ஒலிகளை ஒலிக்க இயலாமல் தவிக்கும் குழந்தைக்கு ஒரு படவட்டையேனும் செய்தளித்தனரா? முன்னோர் அறிவைப் பேசிக்கொண்டே இருத்தல் அக்குழந்தையின் நாவை அசைக்காது.

செய்ய வேண்டுவன தெளிவானவை. தமிழ்க் குழந்தை எவ்வகவையில் எவ்வொலியை ஒலிக்கும் என்பதை வட்டாரந்தோறும் ஆய்ந்து அளவு வகுத்தல் வேண்டும். குழந்தைகளின் பேச்சைப் பெற்றோர் ஒப்புதலோடு, பெயர் மறைத்துத் தொகுத்துப் பொதுவில் வைத்தல் வேண்டும். 2022இல் இந்திய அரசு தொடங்கிய பாசினித் திட்டம் போன்ற முயற்சிகளில் குழந்தைக் குரலுக்கும் குறையுடையார் குரலுக்கும் இடம் கேட்டுப் பெறல் வேண்டும். பேச்சு மருத்துவப் பட்டப்படிப்பில் தமிழ் ஒலியியலும் தமிழில் பயிற்றும் முறையும் கட்டாயப் பாடமாதல் வேண்டும். இவை அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டுவன.

பெற்றோர் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. அதற்கு ஆணையும் வேண்டா, பணமும் வேண்டா. குழந்தையோடு தமிழில் பேசுக, நிரம்பப் பேசுக. நிலாவைக் காட்டிப் பேசுக; சோறூட்டுங்கால் பேசுக. வீட்டில் தமிழை நிறுத்துமாறு எவரேனும் சொல்லின், அதற்குச் சான்று எங்கே எனக் கேட்க. பேச்சுப் பயிற்சியை விடாது தொடர்க. தமிழையும் விடாது தொடர்க. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பன.