உங்க ஐடி நம்பர் உங்களப் பத்தி என்ன சொல்லுது?

குண்டசாலையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் சிம் எடுக்கப் போனாலும் சரி, கண்டி டவுனில் வேலைக்கு அப்ளிகேஷன் கொடுத்தாலும் சரி, முதலில் கேட்கிறது அடையாள அட்டை இலக்கத்தைத்தான். நாமளும் யோசிக்காம எழுதிக் கொடுத்திடுறோம். வெறும் நம்பர்தானே, அதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கு. 12 இலக்கத்தில் முதல் 4 இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த 3, அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டியிருப்பாங்க. பிறகு 4 இலக்கம் வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். ஒரு நம்பர் 2003561 என்று தொடங்கினால், 561இல் 500ஐக் கழிங்க, மிச்சம் 61. அவர் 2003 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண். (பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள் என்றுதான் கணக்கு. அது தெரியாம கோட் எழுதினால் மார்ச் 2 என்று பிழையா வரும்.)

இப்படிப் பல தகவலை ஒரு வடிவத்துக்குள்ள அடுக்குறதுக்குப் பேர் என்கோடிங். திருப்பிப் பிரிக்கிறது டிகோடிங். பைதன் கொஞ்சம் பழகினவருக்கு இதைப் பிரிக்கப் பத்து வரி போதும்.

பிரச்சினை அடுக்குறதில இல்ல, அடுக்கிய விதத்தில. இன்றைக்கு ஆப்கள் தகவல் பரிமாற அதிகம் பயன்படுத்துற வடிவம் ஜேசன். அதில் ஒவ்வொரு தகவலும் தனித்தனிப் பெயரோட இருக்கும்: பெயர் இது, பிறந்த திகதி இது, பால் இது. பெயர் மட்டும் போதும் என்றால் மற்றதை விட்டுட்டு அனுப்பலாம். ஒன்று மாறினால் அதை மட்டும் திருத்தலாம். ஐடி நம்பரில் இந்த ரெண்டுமே நடக்காது. பெயரை மறைச்சு நம்பரை மட்டும் ஒரு லிஸ்ட்டில் போட்டாலும், வயதும் பாலும் வெளியில வந்திடும். தன் பாலினத்தை மாற்றிப் பதியிற ஒருத்தருக்கு ஒரு சொல்லைத் திருத்தினால் போதாது, நம்பரே மாற வேண்டியிருக்கும். வங்கியில இருந்து ஈபிஎஃப் வரைக்கும் எல்லாம் அந்த நம்பரில்தானே தொங்குது?

பழைய நம்பரைப் பாருங்க. 9 இலக்கம், கடைசியில ஓர் எழுத்து. 'வீ' என்றால் பொதுவாக வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' என்றால் பெரும்பாலும் இல்லாதவர். 1948 சட்டத்தால் குடியுரிமை இல்லாமப் போன, 2003 வரைக்கும் அதுக்காகச் சட்டங்களை எதிர்பார்த்து நின்ற மலையகத்துக்கு, ஒருத்தரின் உரிமையை ஓர் எழுத்தாகச் சுருக்கி நெற்றியில ஒட்டுறது என்ன மாதிரியானது என்று யாரும் விளக்கத் தேவையில்ல.

2016 ஜனவரியில் 12 இலக்கத்துக்கு மாறினபோது அந்த எழுத்து போயிட்டு. ஒன்றும் இடிஞ்சு விழல்ல. அப்போ பாலும் பிறந்த நாளும் மட்டும் ஏன் இன்னும் உள்ளே இருக்கணும்?

'கவுண்டரில் வயதைச் சட்டென்று பார்க்கலாம்' என்பாங்க. பிறந்த திகதி அட்டையிலேயே அச்சடிச்சிருக்கு. 'பிழையா டைப் பண்ணினால் பிடிக்கலாம்' என்பாங்க. அதுக்குச் சரிபார்ப்பு இலக்கம் இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும். இந்தியாவின் ஆதார் நம்பரும் 12 இலக்கம்தான். ஆதாரில் வேற ஆயிரம் பிரச்சினை உண்டு, ஆனா அந்த நம்பரைப் பிரிச்சு ஒருத்தரின் வயதையோ பாலையோ எடுக்க முடியாது. அதில் ஒன்றும் ஒளிச்சு வைக்கல்ல.

இங்கே 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டிஜிட்டல் அடையாள அட்டைக்கான வேலையும் நடக்குது. அட்டையை மாற்றும்போது அர்த்தமில்லாத புது நம்பர் ஒன்றைக் கேட்க இதுதான் நேரம். பிறந்த நாளும் பாலும் ஆட்பதிவுத் திணைக்களத்தின் பதிவில் இருக்கட்டும், தேவைப்படுறவங்க காரணம் சொல்லிக் கேட்கட்டும். அதுவரைக்கும், அடுத்த முறை யாராவது நம்பரைக் கேட்டால், எதுக்கு என்று நாமளும் ஒரு தடவை கேட்போம்.