தள்ளிவிட்டால் சார்ஜ் நிற்குமாம்!

ஸ்கிரீன் கார்டு மாற்றக் கொடுத்த என் செல்போனைக் கடைப் பையன் முதலில் என்ன செய்தான் தெரியுமா? கண்ணாடியைத் துடைக்கவில்லை. திறந்திருந்த ஆப்களையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டான். "இவ்ளோ ஆப்பை ஓடவிட்டா எப்படி சார் சார்ஜ் நிக்கும்?" என்று அறிவுரை வேறு. பாதி எழுதி வைத்திருந்த கடிதம் ஒன்றும் அதோடு போயிற்று. அவனைத் திட்டிப் பயனில்லை. அதையேதான் என் மைத்துனர் சொல்கிறார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிறார், ரயிலில் எதிரே உட்காருபவர் கேட்காமலே சொல்கிறார். ஜாதகத்தை நம்பாதவர்கள்கூட இதை நம்புகிறார்கள்.

இவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வாட்ஸ்அப்பைத் தள்ளிவிடுகிறீர்கள். ஒழிந்தது என்று போனைப் பைக்குள் வைக்கிறீர்கள். சற்று நேரத்தில் பெரியம்மாவிடமிருந்து ரோஜாப்பூ போட்ட 'குட் மார்னிங்' வந்து விழுகிறது. ஒழித்துக்கட்டிய வாட்ஸ்அப்புக்குச் செய்தி எப்படி வந்தது?

வந்த வழி இதுதான். ஆண்ட்ராய்டில் எல்லா ஆப்களுக்கும் பொதுவாக கூகுளின் சேவை ஒன்று ஒரே ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. செய்தி வந்தால் உரிய ஆப்பைத் தட்டி எழுப்பும். ஆப் உயிரோடு இல்லையென்றால் புதிதாகப் பிறப்பிக்கும். அந்தப் பிரசவச் செலவும் உங்கள் பேட்டரியின் தலையில்தான்.

நீங்கள் தள்ளிவிடும் அந்தப் பட்டியலே ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களின் பட்டியல் அல்ல. நீங்கள் அண்மையில் திறந்தவற்றின் வரிசை, அவ்வளவுதான். நம்பாவிட்டால் போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் படங்கள் அப்படியே நிற்கும். அணைந்து கிடந்த போனில் எது ஓடியதாம்?

திரையை விட்டு விலகிய ஆப்புக்கு வேலை எதுவும் இல்லையென்றால், ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னல் அதற்குப் பிராசஸரில் முறையே கொடுப்பதில்லை. ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து, சும்மா கிடப்பவற்றை அப்படியே உறைய வைக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. "ரேமில் இடத்தைப் பிடிக்கிறதே" என்பார்கள். பிடிக்கட்டுமே! ரேம் சில்லு தன் மின்னூட்டத்தை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் வாட்ஸ்அப் இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்தச் செலவு அதேதான். இடம் போதாதபோது பழையதை வெளியேற்ற ஆண்ட்ராய்டுக்கே தெரியும். உங்கள் கட்டைவிரலின் உதவி அதற்கு வேண்டியதில்லை.

தள்ளிவிட்டதை மறுபடி திறந்தால்தான் செலவு. புதிய பிராசஸை உண்டாக்கி, கோப்புகளைச் சேமிப்பகத்திலிருந்து ஏற்றி, படங்களை வரைந்து, சர்வரோடு தொடர்பு கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு வேளைச் சமையல் முடிந்ததும் அடுப்பை இடித்துப்போட்டு, அடுத்த வேளைக்குப் புதிதாகக் கட்டுவதற்குப் பெயர் சிக்கனமா? அதுவும் வாட்ஸ்அப்பை! ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறோம் என்று கணக்கே இல்லாத ஆப்பை!

நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள், சரி. 2016இல் ஆப்பிள் வாடிக்கையாளர் ஒருவர், நீங்கள் ஆப்களை இப்படி மூடுவதுண்டா, பேட்டரிக்கு அது அவசியமா என்று மின்னஞ்சலில் கேட்டார். அந்நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் எழுதினார். அதே ஆண்டு ஆண்ட்ராய்டின் தலைவராக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும், தள்ளிவிடுவதால் நிலைமை சற்று மோசமாகக்கூடும் என்றுதான் சொன்னார். போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒத்துப்போன அபூர்வமான விஷயம் இது. நம் மைத்துனர்கள் மட்டும் ஒத்துக்கொள்வதாக இல்லை.

பேட்டரியைக் காப்பாற்றுகிற வேலை நடப்பது கெர்னலுக்குள். ஜிபிஎஸ், கேமரா, புளூடூத் என்று ஒவ்வொரு சாதனத்தையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையைக் கெர்னல் வைத்திருக்க முடியும். அது பூஜ்யத்துக்கு இறங்கினால் அந்தச் சாதனத்தை மட்டும் தூங்கப் போடலாம். 2009இல் வந்த லினக்ஸ் 2.6.32இலேயே இதற்கான பொது ஏற்பாடு சேர்ந்துவிட்டது. ஒருவர் தூங்கப் போடும் அதே கணத்தில் இன்னொருவர் எழுப்பப் பார்த்தால் குளறுபடி ஆகும் என்பதால் சாதனத்தின் நிலைக்கு ஒரு பூட்டும் உண்டு. திரை அணைந்து, யாருக்கும் வேலை இல்லையென்றால் மொத்த போனும் உறங்கும். பிராசஸ்கள் நிறுத்தப்படும், சாதனங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் அவற்றை வரிசைப்படி அடக்கும், பிராசஸர் நிற்கும். பட்டியலில் இருபது ஆப் இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த உறக்கம் ஒன்றுதான்.

உறக்கத்தைக் கெடுப்பது வேக்லாக். 'எனக்கு வேலை இருக்கிறது, போனைத் தூங்கவிடாதே' என்று ஆப்போ டிரைவரோ பிடித்து வைக்கிற பூட்டு அது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் இதை லினக்ஸுக்குள் கொண்டுவர 2009இல் முயன்றபோது பெரிய சண்டையே நடந்தது. கெர்னல் எழுதுகிறவர்களில் ஒருவரான ரஃபேல் வைசாக்கி அதே தேவைக்கு வேறு வடிவம் கொடுக்க, தானாக உறங்கும் வசதி 2012இல் லினக்ஸ் 3.5இல் வந்து சேர்ந்தது. கெர்னல் எழுதுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட சிக்கலுக்கு நம் ஊரில் கட்டைவிரல் வைத்தியம்!

இந்த மூடநம்பிக்கையில் சம்பாதிப்பவர்கள் தனி ரகம். ராக்கெட் பறக்கவிட்டு 'இத்தனை ஜிபி காலி செய்தோம்' என்று கும்மாளமிடும் பூஸ்டர் ஆப்கள், தாங்கள் மட்டும் விளம்பரம் காட்டிக்கொண்டு பின்னணியில் உட்கார்ந்திருக்கும். போன் தயாரிப்பவர்களிலும் சிலர், பேட்டரி நாள் முழுக்க வரும் என்று விளம்பரத்தில் பீற்றிக்கொள்வதற்காகப் பின்னணி ஆப்களைக் கண்டபடி கொல்கிறார்கள். மாத்திரை சாப்பிட நினைவூட்டும் ஆப் அதில் செத்தால் யார் பொறுப்பு? பேட்டரி தேய்ந்தால் நாமே கழற்றி மாற்றலாம் என்ற காலமும் போய்விட்டது. பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பயனரே மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது, 2027 பிப்ரவரியிலிருந்து. நாம் இங்கே ஒட்டிய பேட்டரியைக் கேள்வி கேட்காமல், தூங்குகிற ஆப்பின் கழுத்தை நெரிக்கிறோம்.

சார்ஜ் நிற்கவில்லையென்றால் அமைப்புகளில் பேட்டரி பக்கத்தைத் திறங்கள். எது எவ்வளவு தின்றது என்ற கணக்கு அங்கே இருக்கிறது. பெரும்பாலும் நீங்களே மணிக்கணக்கில் பார்த்த வீடியோதான் முதலிடத்தில் நிற்கும். அது இல்லாமல் நீங்கள் தொடாத ஆப் ஒன்று நின்றால் அதுதான் திருடன். அதன் பின்னணி அனுமதியைப் பிடுங்குங்கள். தேவையில்லையென்றால் அடியோடு நீக்குங்கள். மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள். போனில் அதிகம் தின்பவற்றுள் முன்வரிசையில் இருப்பது திரை. அதை எரியவிட்டுக்கொண்டு ஆப்களை வேளாவேளைக்குத் தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்குச் சார்ஜ் எப்படி நிற்கும்?