றப்பர் நாட்டில் ரயர் துண்டு

மட்டக்களப்புக் கல்லடியில் நண்பரின் மொறிஸ் மைனர் பள்ளத்தில் விழுந்து கடகடத்தது. "பழசு, விற்றுவிடுங்கள்" என்றார் கராஜ்காரர். பழசானது காரல்ல, பின்புற ஸ்பிரிங் தகடுகளின் முனைகளிலும் முன்சில்லைத் தாங்கும் கைகளிலும் உள்ள றப்பர் புஷ்கள்தான். அவை நைந்தால் பிறேக் பிடிக்கையில் கார் ஒருபக்கம் இழுக்கலாம். ரயர் கோணலாகத் தேயும்.

சிலர் இதற்குச் செய்யும் வைத்தியம், பழைய ரயரில் வெட்டிய துண்டு! 1876இல் றப்பர் கன்றுகள் வந்திறங்கிய நாடு இது. மொறிஸ் மைனருக்குப் பாகங்கள் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பிய நாடு. இங்கேயா இந்தக் கூத்து?

அச்சில் வார்த்த புஷ்ஷையே கேட்டு வாங்குங்கள். சில்லுகள் நிலத்தில் ஊன்றி, காரின் பாரம் இறங்கிய பின்பே நட்டை இறுக்கச் சொல்லுங்கள். அந்தரத்தில் இறுக்கினால் புது றப்பரும் முறுகிக் கிழியும். மினுக்கிய பொனற் உங்களைக் காப்பாற்றாது.