விமானங்களில் முகக்கவசம்: பொறுப்பு யாருடையது?

விமானப் பயணிகள் கட்டாயம் முகக்கவசம் அணிய வேண்டும் என்ற பரிந்துரை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 16 முதல் நீக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் ஏப்ரல் 18ஆம் திகதியே, புளோரிடா சமஷ்டி நீதிமன்றத் தீர்ப்பையடுத்து, டெல்டா, யுனைட்டட் போன்ற நிறுவனங்கள் விதியைக் கைவிட்டன. அப்படி உத்தரவிட நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். தொற்று ஓய்ந்துவிட்டதாக அது கூறவில்லை. 2022 மே மாதத்தில் கனடா விதியைத் தளர்த்தியிருக்கவில்லை.

'விரும்பியவர் அணியலாம்' என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் தொற்றுள்ளவரும் அணிந்தால்தான் முகக்கவசத்தின் பயன் அதிகம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், சிறுநீரகம் மாற்றப்பட்டவர்கள் பலருக்குத் தடுப்பூசியும் முழுப் பலன் தருவதில்லை. பக்கத்து இருக்கையில் இருமுபவரை அவர்கள் என்ன செய்ய முடியும்? எல்லோரும் பகிர்ந்து சுமந்த பொறுப்பு இப்போது நலிந்தவர் தலையில் மட்டும் ஏற்றப்பட்டிருக்கிறது.